சின்ன நாடு வம்பிழுத்தால் பெரிய நாடு போயே தீர வேண்டுமா?

"வல்லரசு ஒன்று ஒரு சின்ன நாட்டோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்த நாடு வேண்டுமென்றே வம்பை விலைக்கு வாங்கினாலும் வல்லரசு படை அனுப்பியே ஆக வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

வேண்டியதில்லை. எல்லோரும் காட்டிப் பயமுறுத்தும் நேட்டோ ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்தின் 5-வது பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால், மற்ற நாடுகள் ஒவ்வொன்றும் தனக்குத் தேவை என்று படும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது. படை அனுப்புவதும் அதில் அடங்கலாம், அவ்வளவுதான்.

மாட்டிவிடுவது பெரும்பாலும் ஒப்பந்தத்துக்கு வெளியே கொடுக்கும் வாக்கு. ரஷ்யா தாக்கினால்தான் உதவி என்றது ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1879இல் போட்ட ஒப்பந்தம். ஆனால் 1914 ஜூலை 5 அன்று, செர்பியாவை என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு வாய்மொழியாக உறுதி கொடுத்தார் ஜெர்மன் பேரரசர் கைசர். அப்புறம் நடந்தது உலகப் போர்.

நான் அதிகம் பயப்படுவது பெரிய நாட்டைச் சண்டைக்குள் இழுத்துவிடும் தரகர்களுக்குத்தான். நாடு கடந்து வாழும் அரசியல்வாதி, கூலிக்குப் பேசும் ஓய்வுபெற்ற அதிகாரி, தலைநகரில் அறை போட்டுச் செய்தியாளர்களுக்கு 'ரகசியத் தகவல்' விற்கிறவர். நாடு கடந்து வாழ்ந்த இராக் எதிர்க்கட்சித் தலைவர் அகமது சலபியின் தரப்பு கூட்டிவந்த ஆட்கள் சொன்ன பேரழிவு ஆயுதக் கதைகள் பொய்யென்று, இராக் மீது அமெரிக்கா படையெடுத்த 2003 போருக்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. வெளிநாட்டுக்காக வேலை செய்கிறவர் தன்னைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1938 முதல் இருக்கிறது. பேட்டி எடுப்பதற்கு முன் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை!

ஒரு விதிவிலக்கு, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கொரியப் போரை முடிக்கப் பேச்சு நடந்தபோது தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அதை விரும்பவில்லை. 1953 ஜூனில் போர்க்கைதிகள் சுமார் 27,000 பேரைத் தன்னிச்சையாக அவிழ்த்துவிட்டார். அமெரிக்காவுக்குக் கோபம்தான். ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பாதுகாப்பு ஒப்பந்தம் அவர் கைக்கு வந்தது. முரண்டு பிடித்தவருக்குப் பரிசா? பாதிதான். வெளியிலிருந்து ஆயுதத் தாக்குதல் வந்தால் மட்டுமே உதவிக் கடமை என்று அமெரிக்க செனட் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டது. வடகொரியாவின் மீது ரீ தானாகப் பாய்ந்தால் அவர் பாடு.

ஆகவே, ஒப்பந்தத்தைப் படிக்கிறவர் பின்னிணைப்பையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடிவாளம் இருப்பது பெரும்பாலும் அங்கேதான். பல நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கோ அது கடைசியாகத்தான் வந்து சேரும், சில சமயம் வருவதே இல்லை.