ஆயரும் ஆதீனமும் அரசியல் பேசலாமா?

கேள்வி: காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், தேர்தல் என்று எதை எடுத்தாலும் ஆயர்களும் ஆதீன முதல்வர்களும் அறிக்கை விடுகிறார்கள். இவர்கள் பூசையோடும் பிரசங்கத்தோடும் நின்றுகொண்டால் என்ன?
(வாசகர் ஒருவர், கோண்டாவில்)

பதில்: அப்படி நின்றுகொண்ட காலம் ஒன்று இருந்ததாகத் தாங்கள் எண்ணுவதுதான் வியப்பு. 1876-78 பஞ்சத்தின்போது கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றிய ஆறுமுக நாவலர், அப்போதைய அரசாங்க அதிபர் துவைனம் துரையின் நிர்வாகத்தைக் கண்டித்தும் எழுதினார். 1879இல் சட்டநிரூபண சபை உறுப்புரிமைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து வண்ணார்பண்ணையில் பேசினார். அதை அரசியல் என்று யாழ்ப்பாணத்தில் எவரும் குறை கூறுவதில்லை. தெற்கிலோ, தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் வழங்குவதாகப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் 1957 யூலையில் கைச்சாத்திட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்த பிக்குகள், கைவிடுவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டே எழுந்தார்கள். அந்த எழுத்துக்கு நாம் கொடுத்த விலை தங்களுக்குத் தெரியாததல்ல.

நெடுந்தீவில் பிறந்து மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு, 2011 சனவரியில், போர்க்காலத்தை விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது வெறும் கழித்தற் கணக்கு. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள், அரச பதிவுகளின்படி, 4,29,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அரசியல்வாதிகள் அடைமொழிகளோடு மேடையில் முழங்கிக்கொண்டிருந்தபோது ஆயர் கச்சேரிக் கணக்கை, அதாவது மாவட்ட அரச அலுவலகத்தின் பதிவை, விரித்து வைத்தார். அவர் பூசையோடு நின்றிருக்கவேண்டும் என்கிறீர்களா?

எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு. அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதும் சமயத் தலைவர்கள், தமது அடியார்களுக்கு அதே உரப்பில் எழுதுவது அரிது. நாவலரே பஞ்சத்துக்கு இரங்கினாரே தவிர, சாதி வரம்பை அசைக்க முன்வரவில்லை. சாதியின் பேரால் கோயில் முதலிய இடங்களில் மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957லேயே நிறைவேறியிருந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே நுழைய ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் காத்துக் கிடக்கவேண்டியிருந்தது. அவர்களை மறித்து நின்றவர் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம், போராட்டத்தை முன்னெடுத்தவர்கள் கடவுள் நம்பிக்கையைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாத இடதுசாரிகள். (ஆலயப் பிரவேசத்துக்கு நாத்திகர் தேவைப்பட்ட ஊர் இது!) அது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2018இல் வரணியில் அம்மன் தேரை, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இழுத்த படத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். பிற சாதியார் வடத்தைத் தொடக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு என்று அப்போது குற்றஞ்சாட்டப்பட்டது.

ஆகவே சமயத் தலைவர்கள் வாயை மூடவேண்டும் என்ற தங்கள் கட்சியில் நான் சேரமாட்டேன். கொழும்பை நோக்கி விடும் அறிக்கையின் ஒரு பிரதியை, தத்தம் ஆலய பரிபாலன சபைகளுக்கும் பங்குச் சபைகளுக்கும் அவர்கள் அனுப்பவேண்டும் என்று கேட்பேன். தாங்களும் ஒன்று செய்யலாம்: தங்கள் ஊர்க் கோயிலின் யாப்பை வாங்கி, உறுப்புரிமை யார் யாருக்கு என்ற பந்தியை வாசித்து, அதில் உள்ளதை அப்படியே எமக்கு எழுதி அனுப்புங்கள்; அடுத்த இதழில் பிரசுரிக்கிறோம்.