கூலி தர வேண்டியவரே காசு கேட்டால்? மொழிபெயர்ப்பாளர்களின் கேள்விகள்

வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், சப்டைட்டில், குரல்பதிவு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர் ஒருவர் மின்னஞ்சலில் தொடர்புகொண்டு, குழந்தை வளர்ப்புப் பயிலரங்குக்காக 9,000 சொல் கட்டுரையைத் தமிழாக்கித் தரச் சொன்னார். சொல்லுக்கு 3 ரூபாய் கேட்டேன். உடனே சரி என்றார். இப்போது 27,000 ரூபாய்க்குப் பதில் 85,000 அனுப்பிவிட்டதாகவும், மிச்சம் 58,000-ஐப் பயிலரங்க ஏற்பாட்டாளரின் கணக்குக்கு மாற்றிவிடும்படியும் அவசரப்படுத்துகிறார். பணம் வரவானதாக எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. அனுப்பலாமா? (வாசகி, மதுரை)

ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

முதலில் அந்தக் கட்டுரையைச் சோதியுங்கள். நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள்குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். விக்கிப்பீடியாவிலோ ஏதாவது சுகாதாரத் தளத்திலோ அப்படியே கிடைக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அதனால்தான் பேரமும் இல்லை, யார் படிக்கப் போகிறார்கள், பேச்சு நடையா எழுத்து நடையா என்ற பேச்சும் இல்லை. நிஜ வாடிக்கையாளர் 3 ரூபாயை இரண்டரையாக்கப் பார்ப்பார். அந்த எரிச்சல் ஒரு நல்ல சகுனம்.

அடுத்து, அந்த 85,000. எஸ்எம்எஸ் போலியாக இருக்கலாம். 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் அது வங்கி அனுப்பியதே அல்ல. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், வங்கியின் செயலியைத் தனியாகத் திறந்து ஸ்டேட்மென்ட்டில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதற்கு மதிப்பே கிடையாது; அதைத் தயாரிக்க இரண்டு நிமிடம் போதும்.

வெளிநாட்டுக் காசோலை அனுப்பியிருந்தால் கதை வேறு. அது கலெக்‌ஷனுக்காக அந்த நாட்டு வங்கிக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். உங்கள் கணக்கில் வரவு வைத்த பிறகும் போலி என்று திரும்பிவிடலாம். அப்போது வங்கி முழுத் தொகையையும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் யாருக்கோ அனுப்பிய 58,000 உங்கள் சொந்தப் பணமாகப் போயிருக்கும். ‘காசோலை வரவானது’ என்பதும் ‘காசோலை தேறியது’ என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது வகைதான் இப்போது அதிகம் பயப்பட வேண்டியது. பணம் உண்மையிலேயே வந்திருக்கும். ஆனால் அது இன்னொரு ஊரில் ஏமாந்த ஒருவருடைய பணம். அவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்ததும் பணம் போன வழியைப் பின்தொடர்ந்து வந்து உங்கள் கணக்கை முடக்குவார்கள். மிச்சத்தை நீங்கள் மூன்றாம் நபருக்கு மாற்றியிருந்தால், திருட்டுப் பணத்தைக் கைமாற்றியவராக நீங்களே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

எனவே, பணம் நிஜமாகவே வந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்: தேதி, தொகை, பரிவர்த்தனை எண், ‘எனக்கு உரிமையில்லாத தொகை, வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்பிவிடவும்’ என்ற வேண்டுகோள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய மின்னஞ்சல்களை அழிக்க வேண்டாம். பின்னால் கணக்கு முடங்கினால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அவைதான்.

கேள்வி: புத்தகப் பக்கங்களைத் தமிழில் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்யும் வேலை என்று ஆன்லைனில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆதார் நகலும் வாங்கினார்கள். முடித்துக் கொடுத்ததும் ‘துல்லியம் 90 சதவீதத்துக்குக் கீழே, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 6,500 ரூபாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் கைது’ என்று வக்கீல் பெயரில் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வருகிறது. என்ன செய்வது? (வாசகர், கோயம்புத்தூர்)

இவர்களுக்கு வருமானமே அந்த 6,500-தான். நீங்கள் எவ்வளவு சுத்தமாகச் செய்து கொடுத்திருந்தாலும் துல்லியம் குறைந்துதான் இருக்கும். பக்கங்கள் மங்கலாக ஸ்கேன் செய்யப்பட்டிருப்பதும், ஐந்து நாளில் முடிக்க முடியாத அளவு கொடுப்பதும் திட்டமிட்டுத்தான்.

ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விஷயம். வேலை சரியில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் யாரையும் கைது செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் அபராதத் தொகையை எழுதி வைத்திருந்தாலும், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதை மட்டும்தான் நீதிமன்றம் கொடுக்கும். அதற்கும் அவர்கள் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். ஏமாற்றிப் போட வைத்த ஒப்பந்தத்தை 19-ஆம் பிரிவின்கீழ் நீங்களே ரத்து செய்யலாம். வழக்கு எண் கொடுத்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பாருங்கள். நிஜ வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் எண் இருக்கும். ஒப்பந்தத்தில் இ-ஸ்டாம்ப் படம் ஒட்டியிருந்தால் அதன் சான்றிதழ் எண்ணை ஸ்டாக் ஹோல்டிங் நிறுவனத் தளத்தில் சரிபார்க்கலாம்.

பணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டுபவர் என்று தெரிந்ததும் அடுத்து ‘என்ஓசி கட்டணம்’ வரும், அதன்பின் ‘கோர்ட் செலவு’. ஒரே ஒரு வரி பதில் எழுதுங்கள், ‘எதுவானாலும் நீதிமன்றம் மூலம் அனுப்புங்கள்’ என்று. பிறகு எண்ணை முடக்கிவிடுங்கள். எல்லாச் செய்திகளையும் படமெடுத்து சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் பதியுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் தளத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் கணக்கை விட்டுப் போன முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் சொன்னால் பெரும்பாலும் யாராவது ஏடிஎம்மில் எடுத்திருப்பார்கள்.

ஆதார் நகல் போய்விட்டதே என்றால், பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிபில் அறிக்கையில் தெரியாத கடன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இனி கொடுக்க நேர்ந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரையே கொடுங்கள்.

கேள்வி: பெயருள்ள ஏஜென்சி ஒன்றின் பெயரில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. நிஜமா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், சென்னை)

அனுப்பியவரின் பெயரை விட்டுவிட்டு, ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். ஜிமெயில் என்றால் சந்தேகப்படுங்கள். நிறுவனத்தின் பெயரே இருந்தாலும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி வைப்பது பழைய வித்தை. ‘ரிப்ளை’ அழுத்தினால் வேறு முகவரி வருகிறதா என்றும் கவனியுங்கள். டொமைன், அதாவது ‘அட்’ குறிக்குப் பின்னால் உள்ள இணையப் பெயர், எப்போது பதிவானது என்பதை ஹூஇஸ் தேடலில் பார்க்கலாம். பதினைந்து வருட நிறுவனத்துக்கு ஆறு வாரத்துக்கு முன் வாங்கிய டொமைன் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்திய நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே பெயரையும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். வெளிநாட்டு ஏஜென்சி என்றால், மொழிபெயர்ப்பாளர்களுக்கான புரோஸ் தளத்தில் ஏஜென்சிகளை மதிப்பிடும் புளூ போர்டு என்ற பகுதியில் மொழிபெயர்ப்பாளர்கள் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். சராசரியைவிடக் கடைசி ஆறு மாதப் பதிவுகளைப் படியுங்கள். ஒழுங்காகக் கொடுத்துவந்த நிறுவனம் கைவிரிக்கத் தொடங்குவது அங்கேதான் முதலில் தெரியும். ஆனால் போலி ஆசாமி நல்ல மதிப்பெண் உள்ள நிறுவனத்தின் பெயரைத்தானே திருடுவார்? ஆகவே மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டு, நிறுவனத் தளத்தில் உள்ள எண்ணுக்கோ முகவரிக்கோ எழுதி, ‘இந்த மேலாளர் உங்களிடம் இருக்கிறாரா?’ என்று கேட்டுவிடுங்கள்.

மின்னஞ்சலோடு வந்த கோப்பைத் திறப்பதற்கு முன் இன்னொன்று. விண்டோஸில் கோப்பின் முழு வால்பெயரும் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ‘சோர்ஸ் டாட் பிடிஎஃப்’ என்று தெரிவது உண்மையில் ‘சோர்ஸ் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ ஆக இருக்கலாம். கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பும் அதற்கான கடவுச்சொல்லும் ஒரே மின்னஞ்சலில் வந்தால், அது ரகசியம் காக்க அல்ல, வைரஸ் சோதனைக்குத் தப்பத்தான். டிராடோஸ் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளின் பொட்டலங்கள் எஸ்டிஎல்பிபிஎக்ஸ் என்று முடியும். எந்த மொழிபெயர்ப்பு வேலைக்கும் இஎக்ஸ்இ தேவைப்படாது.

கேள்வி: டெஸ்ட் என்று 1,500 சொல் கேட்கிறார்கள். நியாயமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

இல்லை. இலவசச் சோதனை 200 முதல் 300 சொல்லோடு நிற்க வேண்டும். உங்கள் தரம் அதற்குள் தெரிந்துவிடும். இருபது பேருக்கு ஆளுக்கு 1,500 என்று பிரித்துக் கொடுத்தால் 30,000 சொல் புத்தகம் காசில்லாமல் முடிந்துவிடும். உங்களுக்கு வந்த பகுதி பாதி வாக்கியத்தில் தொடங்கினாலோ, அதே ஏஜென்சிக்கு விண்ணப்பித்த தோழிக்கு வேறு பகுதி வந்திருந்தாலோ சந்தேகம் தேவையில்லை. ‘முதல் 250 சொல் இலவசம், மீதிக்கு என் வழக்கமான விலை’ என்று எழுதுங்கள். நல்ல நிறுவனம் சம்மதிக்கும்.

கேள்வி: நான் விண்ணப்பிக்காத ஒரு ஏஜென்சி, ‘உங்கள் மொழிபெயர்ப்பு குப்பை’ என்று திட்டி எழுதியிருக்கிறது. என் ரெஸ்யூமேவை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் போல. (வாசகர், புதுச்சேரி)

ஆம். பொதுவெளியில் உள்ள ரெஸ்யூமேவை எடுத்து, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, நூற்றுக்கணக்கான ஏஜென்சிகளுக்கு அனுப்புவார்கள். வேலை வந்ததும் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். கெட்ட பெயர் உங்களுக்கு. இப்படிப்பட்டவர்களின் முகவரிகளை டிரான்ஸ்லேட்டர் ஸ்கேமர்ஸ் டைரக்டரி என்ற தளம் தொகுத்துவருகிறது. உங்கள் பெயரையும் அதில் தேடிப் பாருங்கள்.

ஏஜென்சிமீது கோபப்படாமல், அவர்களுக்கு வந்த ரெஸ்யூமே, எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் மின்னஞ்சலின் முழு ஹெட்டர், பணம் போன கணக்கின் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். அவர்களும் ஏமாந்தவர்களே. அடுத்தவர் அடையாளத்தைப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதைக் குறிப்பிட்டு இணையவழிப் புகார் கொடுங்கள். புகார் எண்ணை ஏஜென்சிக்கும் அனுப்புங்கள்.

பிடிஎஃப்-ஐப் பூட்டினால் போதும் என்பது வீண் நம்பிக்கை, ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம். ரெஸ்யூமேவைத் தளங்களில் தரவிறக்க வைக்காமல் கேட்பவருக்கு மட்டும் அனுப்புவதே மேல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இன்ன நிறுவனத்துக்கு, இன்ன தேதியில்’ என்று போட்டு அனுப்பினால் எங்கிருந்து கசிந்தது என்பதும் தெரியும். பிறந்த தேதி, பான், வீட்டு முகவரி எதுவும் அதில் வேண்டாம்.

கேள்வி: ஏஐ நிறுவனத்துக்குத் தமிழ் வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்யும் வேலை என்று டெலிகிராமில் சேர்த்தார்கள். முதல் நாள் 450 ரூபாய் வந்தது. இப்போது ‘சீனியர் லெவல்’ போக 3,000 கட்டச் சொல்கிறார்கள். (வாசகி, சேலம்)

அந்த 450 தூண்டில் புழு. 3,000 கட்டினால் திரையில் 5,200 என்று காட்டும், எடுக்கப் போனால் இன்னும் 8,000 கட்டச் சொல்லும். குழுவில் ‘எனக்கு வந்துவிட்டது’ என்று படம் போடுபவர்களும் அவர்களுடைய ஆட்களே. தமிழ்க் குரலுக்கும் வாக்கியங்களுக்கும் இன்று நிஜமான வேலை இருக்கிறது என்பதுதான் இதை நம்ப வைக்கிறது. ஆனால் நிஜ நிறுவனம் லெவலுக்குக் காசு வாங்காது. வேலைத் தளங்களில் உங்கள் பெயரில் சரிபார்த்த கணக்கை மாத வாடகைக்குக் கேட்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். அதில் நடக்கும் எல்லாவற்றுக்கும் உங்கள் பான் எண்தான் பதில் சொல்லும்.

கேள்வி: டெல்லி ஏஜென்சி ஒன்று முறையாக பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்தது. வேலை முடித்து ஐந்து மாதமாகிறது, 38,000 ரூபாய் வரவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? (வாசகர், திருநெல்வேலி)

போக முடியாது. இங்கே சேவை கொடுத்தவர் நீங்கள், வாங்கியவர் அவர்கள். நுகர்வோர் சட்டம் வாங்குபவருக்கானது. (நீங்கள் பிழைப்புக்காகக் காசு கட்டி வாங்கிய மென்பொருளிலோ தளத்தின் உறுப்பினர் சந்தாவிலோ குறை என்றால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். சுயதொழிலில் பிழைப்பவரை நுகர்வோராகவே அந்தச் சட்டம் பார்க்கிறது.)

உங்களுக்கு உதவக்கூடியது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு உள்ள சேவையாளருக்கு, ஒப்பந்தத்தில் அதிக நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் பணப்பாக்கிப் புகார் தளத்தில் பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், ஒப்படைத்த மின்னஞ்சல் மூன்றையும் ஏற்றிப் புகார் செய்தால் அது மாநில வசதி கவுன்சிலுக்குப் போகும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம்; நடைமுறையில் இழுக்கும். ஆனால் கவுன்சிலின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுமே பணம் கொடுத்துவிடும் நிறுவனங்களும் உண்டு.

சிக்கல் ஒன்று: வேலை செய்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது சந்தேகம். பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் ஒரே உட்காரலில் முடியும். காசு கேட்கும் ‘உத்யம் சென்டர்’ தளங்கள் அரசுத் தளம் அல்ல. உங்களிடம் பதிவு இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம்.

நோட்டீஸுக்கு முன் வருமானவரித் தளத்தில், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். அந்த 38,000-க்கு டிடிஎஸ் பிடித்ததாக ஏஜென்சி கணக்குக் காட்டியிருந்தால், உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பதை அவர்களே பதிவில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நோட்டீஸோடு இணைக்கச் சொல்லுங்கள்.