நோட்டரி கட்டணத்துக்கு வரம்பு உண்டு

வணக்கம் ஐயா. மகளின் இனிஷியல் திருத்தத்துக்கான அபிடவிட்டுக்கு (உறுதிமொழிப் பத்திரம்) சத்துவாச்சாரியில் ஒரு நோட்டரி அலுவலகத்தில் 800 ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீது தர மறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவணங்களுக்குச் சான்றளிக்க அரசு நியமிக்கும் நோட்டரி, தம் விருப்பத்துக்குக் கட்டணம் வைக்க முடியாது. 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகளின் 10ஆம் விதி ஒவ்வொரு பணிக்கும் உச்சவரம்பு விதிப்பதோடு, அந்தக் கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளும் வெளியும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது (அப்படியொரு பலகையை நம் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும்). வாங்கிய தொகைக்கு ரசீது தருவதும் 11ஆம் விதிப்படி அவர் கடமை.

ஆனால் முத்திரைத்தாள் விலையும் தட்டச்சுக் கூலியும் இந்த வரம்பில் சேரா. ஆகவே, 800 ரூபாயில் எது எதற்கு எவ்வளவு என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அவரை நியமித்த அரசுக்கு 13ஆம் விதியின்படி படிவம் 13இல் புகார் அனுப்பலாம். அபிடவிட்டில் உள்ள முத்திரையும் பதிவேட்டு வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும் நகலை உடன் இணையுங்கள்.