ஊசியும் நூலும் எப்படி ஜெபமாகும்?

ஆலயத்துக்குத் திருமேசை விரிப்பு தைப்பது வெறும் கைவேலைதானே, அது எப்படி ஜெபமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தில் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று அங்கே சொல்லப்படும் பெசலெயேல் ஒரு கைவினைஞர், அவருக்குத் துணையாக வந்த அகோலியாப் சித்திரத் தையல் தெரிந்தவர்.

நான் ஈரோட்டுக்காரி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், சென்னிமலைக் கைத்தறித் துணியை ஃபிரேமில் மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் தைத்தேன், அதாவது நற்கருணையின் அப்பமும் ரசமும். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் சிக்கிக்கொள்ளும், அதனாலேயே மூச்சு நிதானமாகிவிடும். ஊசி மேலே வரும்போது "இயேசுவே", கீழே போகும்போது "இரங்கும்". வாய் திறந்து ஜெபிக்க முடியாத அந்த நாட்களில் எனக்கு இருந்த ஜெபம் இதுதான். தப்பாய்ப் போன தையலைப் பிரிக்கும்போதும் அதே வார்த்தைதான் வந்தது.

சரி, எங்கே தொடங்குவது? ஒட்டுத் தையலுக்கு, அதாவது வெட்டிய துணித் துண்டை இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பதற்கு, திருப்பூர் பனியன் வேஸ்ட் நல்லது, ஓரம் பிரியாது. ஆனால் இழுபடும் என்பதால் அடித்துணிக்கு வேண்டாம். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஊதாத் துணியில் ஒரு சின்னச் சிலுவையை நாளுக்கு ஒரு வரிசையாகத் தைத்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு வெள்ளை, அதற்குத் தனித் துணி எடுத்து வையுங்கள்.