வீட்டு 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும் சின்ன மிக் வெல்டிங் மெஷினை (கம்பி தானாக வந்து உருகி ஒட்டும் வகை) வைத்து உண்மையில் என்ன செய்யலாம்?

நீங்கள் தரை வீட்டில் இருக்கிறீர்கள், கார் நிறுத்தும் இடத்தில் வைத்து வெல்டிங் அடிக்கப் போகிறீர்கள், கடைக்காரர் 200 ஆம்பியர் என்று பெட்டியைக் காட்டியிருக்கிறார். அப்படி வைத்துக்கொண்டே சொல்கிறேன். அந்த 200-ஐ மறந்துவிடுங்கள். 230 வோல்ட், 13 ஆம்பியர், பெருக்கினால் 3 கிலோவாட். அதில் 100, 120 ஆம்பியர் நிம்மதியாகக் கிடைத்தாலே பெரிது. அதுவும் விடாமல் ஓடாது. மெஷினில் டியூட்டி சைக்கிள், அதாவது ஓடும் நேரம், 25 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிடத்துக்கு இரண்டரை நிமிடம்தான் ஒட்டலாம். மீதி நேரம் ஆறட்டும்.

1.2, 1.6 மில்லி தடிப்புள்ள சதுரக் குழாயில் கிரில், கேட், செருப்பு அலமாரி, தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டம் எல்லாம் அருமையாக வரும். 4 மில்லி வரை ஒரே ஓட்டத்தில் போடலாம். 5, 6 மில்லி என்றால் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து இரண்டு மூன்று அடுக்கு. அதற்கு மேல் நான் கை வைப்பதில்லை. "நான் 10 மில்லியே ஒட்டியிருக்கிறேன்" என்று யாராவது வருவார்கள். மேலே ஒட்டும் அண்ணே, உள்ளே பிடிக்காது.

பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கு மச்சான் ஒருவர் டிரெய்லர் இழுக்கும் கொக்கியோடு வந்தார். 10 மில்லி தகடு. "பட்டறைக்காரன் காசு கூடக் கேட்கிறான், நீங்க ரெண்டு இழுப்பு இழுத்து விடுங்க மச்சான்." வெறுமனே முடியாது என்றால் முகம் சுண்டிவிடும். அதனால் அதே தடிப்பில் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் முழுக் கரண்டில் ஓட்டிக் காட்டினேன். மேலுக்கு வரிசை பிடித்தாற்போல அழகு. "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். ஆறவிட்டு, வைஸில் பிடித்து, சுத்தியலால் மடக்கி அடித்தேன். பெயர்ந்து வந்துவிட்டது. அடித்தகட்டில் கிரைண்டர் போட்ட கீறல்கள் அப்படியே கிடந்தன, ஒன்றுகூடக் கரையவில்லை. கொக்கியைப் பட்டறைக்கே கொண்டுபோனார். ஆனால் இன்றுவரை கல்யாண வீடுகளில் என் மெஷினுக்கு "விளையாட்டுச் சாமான்" என்றுதான் பெயர்.

பட்டறை வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். முன்சூடு காட்டி இன்னும் தடிப்பில் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கழன்றால் ஆளைக் கொல்லும் சாமானை இந்த மெஷினால் தொடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கம்பி (உள்ளே மருந்துப் பொடி வைத்த கம்பி) என்றால் டார்ச்சை, அதாவது கம்பி வரும் கைப்பிடியை, மெஷினின் மைனஸில் மாட்டுங்கள். மாற்றாமல் ஓட்டிவிட்டு, பொறி பறக்கிறது, மெஷின் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் நிறைய. ஜிஐ குழாயில் ஒட்டும் இடத்துத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு வைத்து ஓட்டாதீர்கள், உருகும். அடிக்கடி வேலை இருந்தால் வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் போடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மெஷின் வாங்கியதைத் தாமானில் யாருக்கும் சொல்லாதீர்கள். என்னுடையதை இரவல் வாங்கிய ஒருவர் அதை வராந்தாவிலேயே போட்டு வைத்திருந்தார். கடல் காற்றில் கம்பி முழுக்கத் துரு, அது லைனருக்குள், அதாவது கம்பி ஓடும் உள்குழாய்க்குள், சிக்கி நகரவே இல்லை. லைனர், கம்பி இரண்டையும் என் காசில் மாற்றினேன். அவர் அடுத்த மாதமும் கேட்டு வந்தார்.