கிளாரிஸ் கிளிஃப் பாத்திரம் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் கிளாரிஸ் கிளிஃப் வரைந்த 1930களின் பாத்திரங்களைச் சேகரிக்க ஆசை. அடியில் அவர் கையெழுத்தோடு முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தூரிகை போன வழியைப் பார்க்க வேண்டும். முத்திரையை எவரும் அச்சடித்துவிடலாம். வாரம் முழுக்க ஒரே பூவைப் போட்டுப் பழகிய கையின் வேகத்தைக் காப்பியடிப்பது மிகவும் கஷ்டம்.

முதலில் ஒரு திருத்தம். வடிவமைப்புதான் கிளிஃப் உடையது. பாத்திரத்தில் வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண்கள்; தொழில் உச்சத்தில் இருந்தபோது சுமார் 70 பேர் இருந்தார்கள். அடியில் இருக்கும் கையெழுத்தும் பெரும்பாலும் அச்சுதான். "அவரே கையெழுத்திட்டது" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத்தின் பர்ஸ்லெம் பகுதியில் கிளிஃப் வேலை பார்த்த ஏ. ஜே. வில்கின்சன் நிறுவனம் 1920இல் பக்கத்திலிருந்த நியூபோர்ட் பாட்டரி என்ற மட்பாண்டத் தொழிற்சாலையை வாங்கியது. கூடவே, விலைபோகாத பழைய பாணி வெள்ளைப் பாத்திரங்களும் குவியலாக வந்து சேர்ந்தன. பலவற்றில் குழி, மேடு, சிறு பழுது. 1927இல் கிளிஃபுக்குத் தனிப் பட்டறை கிடைத்ததும், அந்தப் பழுதுகளை மறைக்கத் தடித்த முக்கோணங்களைப் பளிச்சென்ற நிறங்களில் போட வைத்தார். அதுதான் 'பிஸார்' (Bizarre, விசித்திரம்) வரிசையின் தொடக்கம். முக்கோணம் வரைந்த இந்த ஆரம்பகாலப் பாத்திரங்களில் வண்ணத்துக்கு அடியில் குழி தெரிந்தால் பயப்படாதீர்கள், அது அந்த வரலாற்றோடு சேர்ந்தது. வழவழவென்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தால்தான் இரண்டாவது முறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நாம் எல்லாவற்றையும் பீங்கான் என்று சொல்லிவிடுகிறோம். இவை உண்மையில் மெருகிட்ட மண்பாண்டங்கள். விளக்கின் முன் பிடித்தால் ஒளி ஊடுருவாது. உடைந்த இடம் தண்ணீரை உறிஞ்சும். பின்னால் சொல்லப்போகும் கழுவும் முறைக்கு இதுதான் காரணம்.

தொடங்குவதற்கு நல்லது 'க்ரோக்கஸ்' வகை, க்ரோக்கஸ் என்ற பூவின் படம் போட்டது. 1928இல் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் செய்தார்கள், அதனால் ஏராளமாகக் கிடைக்கும். கண்ணைப் பழக்க இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஆரஞ்சு, நீலம், ஊதாப் பூக்கள். ஒவ்வொரு இதழும் கீழிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. பூக்கள் முடிந்ததும் பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து, பூக்களுக்கு இடையே மெல்லிய பச்சைக் கோடுகளை விசிறிவிடுவார்கள், அவைதான் இலைகள். மேலே மஞ்சள் பட்டை சூரியனுக்கு, கீழே பழுப்புப் பட்டை மண்ணுக்கு. உருப்பெருக்கியை வைத்து ஓர் இதழை மட்டும் பாருங்கள். அசலில் தூரிகை மயிரின் வரிகள் நிறத்துக்குள்ளேயே தெரியும். தூரிகை அமர்ந்த இடத்தில் நிறம் கனத்தும், விலகும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். போலியில் இதழைத் தயங்கித் தயங்கி இரண்டு மூன்று தடவை தொட்டு நிரப்பியிருப்பார்கள், விளிம்பு நடுங்கும். ஸ்டிக்கர் கோலத்தையும் கையால் போட்ட கோலத்தையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லும் கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

இயற்கைக் காட்சி, வீடு, மரம் உள்ள வடிவங்களில் வேலை பிரிந்து நடந்தது: ஒருவர் வெளிக்கோடு போடுவார், இன்னொருவர் நிறம் நிரப்புவார், மூன்றாமவர் சுழலும் சக்கரத்தில் வைத்துப் பட்டை இழுப்பார். அதனால் கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே அங்கங்கே சிறு இடைவெளி இருப்பது இயல்பு. பட்டையில், தூரிகை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சற்று அழுத்தமாகத் தெரியும். அதைத் தேடுங்கள். கண்ணை மூடி விரலால் தடவினால் நிறம் மெருகின் மேல் லேசாக எழும்பி நிற்பதும் புரியும், ஏனென்றால் மெருகிட்டுச் சுட்ட பிறகு அதன் மேல் வரைந்து மறுபடி சூளையில் வைத்தார்கள்.

அந்த மெருகுக்கு 'ஹனிகிளேஸ்' என்று பெயர். வெதுவெதுப்பான இளம் தேன் நிறம், மெல்லியதாக, சீராக இருக்கும். 1980களில் சந்தைக்கு வந்த போலிகளில் இது கலங்கலாக, தடிமனாக, ஓரிடத்தில் தேங்கியிருக்கும். வண்ணங்களும் வெளுத்திருக்கும், முத்திரை எழுத்துகளும் மங்கலாக இருக்கும். இவற்றோடு, வெளிப்படையாகச் செய்த மறுபதிப்புகளும் உண்டு. 1985இல் மிட்வின்டர் என்ற மட்பாண்ட நிறுவனம் சிலவற்றைச் செய்தது, 1990களில் வெட்ஜ்வுட் நிறுவனம் செய்தது. அவற்றின் முத்திரையிலேயே அது தெரியும். அவை போலி அல்ல, ஆனால் 1930களின் அசலுக்குத் தரும் விலைக்கு உரியவையும் அல்ல. அடியில் குழிவாகப் பதித்த மாதமும் ஆண்டும் இருந்தால், அது களிமண் உருவான தேதி. வண்ணம் பல மாதம் கழித்தும் ஏறியிருக்கலாம்.

போலியைவிட அதிகமாக ஏமாற்றுவது பழுது பார்த்த பாத்திரம். ஜாடி மூக்கு, கைப்பிடி ஒட்டும் இடம், மூடியின் குமிழ், கூம்பு வடிவச் சர்க்கரைத் தூவியின் உச்சி: இந்த நான்கையும் விடாமல் பாருங்கள். பானை வாங்கும்போது செய்வது போல உள்ளங்கையில் வைத்து விரலால் சுண்டுங்கள். 'டப்' என்று அடங்கிய ஒலி வந்தால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம். பிறகு இருட்டில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் அடியுங்கள். ஒட்டுப்பசையும் புதுப் பூச்சும் பெரும்பாலும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறு மாதிரி ஒளிரும். இப்போது வரும் சில பூச்சுகள் அப்படி ஒளிராது, ஆகவே டார்ச்சை மட்டும் நம்பக் கூடாது. சந்தேகமான இடத்தைப் பல்லில் மெல்லத் தட்டினால் மெருகு கண்ணாடிபோல 'டிக்' என்னும். பூச்சு மெத்தென்று இருக்கும்.

ஏலத்தில் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். சுத்தியல் 200 பவுண்டில் விழுந்து, ஏல நிறுவனத்தின் கட்டணம் 25 சதவீதம் என்றால் 50 பவுண்டு. அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி 10 பவுண்டு. ஆக 260. இணையம் வழியாகக் கேட்டால் தளத்தின் பங்கும் ஏறும், தபால் செலவு தனி. பாத்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஏல நிறுவனம் தரும் நிலை அறிக்கையைக் கேட்கும்போது "நல்ல நிலையா?" என்று கேட்டால் "நல்ல நிலை" என்றுதான் பதில் வரும். "மூக்கில் பூச்சு உண்டா? அடிப்பாகம், உள் விளிம்பு, மூடியின் உட்புறம் படம் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள்.

வந்து சேர்ந்ததும்: வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, பருத்தித் துணி. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒருமுறை போட்டாலே மேல் வண்ணம் மங்கத் தொடங்கும். மெருகில் வலைபோல ஓடும் நுண்விரிசலில் பழுப்புக் கறை இருந்தால் பிளீச்சில் ஊறப்போடவே கூடாது. மண் அதைக் குடித்துவிடும்; உலரும்போது உள்ளே உப்பு படிகமாகி மெருகைச் செதிள் செதிளாகத் தள்ளும். பழுது பார்த்த பாத்திரத்தை எதிலும் ஊறவைக்க வேண்டாம், ஒட்டு விட்டுவிடும். அந்தக் கால மேல்வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆகவே எலுமிச்சை, புளி, தயிர் எதையும் இவற்றில் வைக்காதீர்கள்.

தட்டைச் சுவரில் மாட்ட, ஸ்பிரிங் உள்ள கம்பிக் கொக்கி வேண்டாம். அது விளிம்பை நான்கு பக்கமும் நெருக்கி, வண்ணத்தைச் சுரண்டி, ஒரு நாள் சில்லைப் பெயர்த்துவிடும். அலமாரியில் சாய்த்து வையுங்கள்; அடுக்கத்தான் வேண்டும் என்றால் தட்டுக்குத் தட்டு கம்பளித் துணி போடுங்கள்.

முதல் பாத்திரமாக, ஒரு சில்லும் இல்லாத க்ரோக்கஸ் கிண்ணமோ சிறு தட்டோ எடுங்கள். தேநீர்ப் பாத்திரம் அடுத்த கட்டம், ஏனென்றால் அதில் மூடி மாறியிருக்கும் ஆபத்து அதிகம்: மூடியின் நிறத்தையும் பட்டையின் அகலத்தையும் உடலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.