எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி: கேள்வி பதில்

குழாய் ஃபிட்டராக 28 வருஷம் தெருத் தெருவாகத் தோண்டியவன் நான். கொங்கு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில்.

வாடகை வீட்டு அக்கா ஒருவர்: எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி. 500 லிட்டர் சின்டெக்ஸ் நாலாம் நாளே காலி. நாலு பேர்தான் இருக்கிறோம். அதிகமாகச் செலவு செய்கிறோமா அண்ணா?

இல்லைங்க அக்கா. எட்டு நாளுக்கு வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் சொச்சம்; ஒரு குடம். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு அரசு சொல்லும் அளவே 135 லிட்டர். நாலு நாள் ஓட்டியதே உங்கள் சாமர்த்தியம். பக்கத்தில் 10,000 லிட்டர் சம்ப் (தரைக்கடித் தொட்டி) கட்டிய வீட்டுக்கும் அதே குழாய், தண்ணி விடும் அதே இரண்டு மணி நேரம்தான். அங்கே பஞ்சம் தெரியாது. சேர்த்துவைக்க இடமில்லாதவர்தான் லாரித் தண்ணிக்கும் காசு கொடுக்கிறார்.

தெருக் கடைசி வீட்டுக்காரர்: முன் வீட்டில் குழாயிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். எங்களுக்கு வெறும் காற்று. கேட்டால் சண்டை.

சண்டைக்கு அவர்களுக்கும் காரணம் இருக்கிறதுங்க. அழுத்தம் இல்லாத குழாயில் மோட்டார் இல்லாமல் ஒன்றும் ஏறாது. ஒருவர் மாட்டினால் தெருவே மாட்டும். ஆனால் உறிஞ்சும்போது, குழாயில் ஓட்டை இருந்தால் வெளித் தண்ணியும் சேர்ந்து வரும். ஒருமுறை நாற்றப் புகார் வந்து தோண்டினோம். சாக்கடைக்கு அடியில் குழாய் இணைப்பில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. தண்ணி விடாத நாளெல்லாம் சாக்கடை அதற்குள் இறங்கியிருக்கிறது. அதனால் முதல் இரண்டு வாளியைச் செடிக்கு ஊற்றுங்கள். குடிக்கிற தண்ணியைக் கொதிக்கவையுங்கள்.

ஒரு தம்பி: அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் வந்த பிறகும் குழாயில் ஏன் வரவில்லை?

அது குழாய்க்கான திட்டமே இல்லை தம்பி. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்கள். பவானி ஆற்றில் உபரியாக வரும் 1.5 டிஎம்சி (150 கோடி கன அடி) தண்ணியை 1,045 குளம் குட்டைகளில் நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றுவதுதான் நோக்கம். பலன் கிணற்றில் தெரியலாம், குழாயில் தேடாதீர்கள்.

திருப்பூர் பக்கத்து அம்மா: கிணறு நிறையத் தண்ணி, ஒரே உப்பு, வாயில் வைக்க முடியவில்லை.

சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றோடு போய் நிலத்துக்குள்ளும் இறங்கியதன் வினைங்க அம்மா. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணிதான் தேங்கியது. கொதிக்கவைத்தால் உப்பு போகாது. பாத்திரம், துணிக்கு ஆகுமா என்று பரிசோதித்துப் பாருங்கள், குடிக்க வேண்டாம்.

மற்றொருவர்: டிரம்மில் பிடித்துவைக்கிறோம், டெங்கு வருமா?

மூடாவிட்டால் வரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்; உங்கள் தண்ணி முறையும் அதேதான். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும். கொட்டினால் போகாது, நார் போட்டுத் தேய்க்கணும்.

விவசாயி ஒருவர்: 1,100 அடி போர் போட்டும் புகைதான் வந்தது. பக்கத்துக் காட்டில் 300 அடியில் தண்ணி!

நம் பக்கம் கடும்பாறை அண்ணா. பாறையின் வெடிப்பில்தான் தண்ணி நிற்கும். அவருக்கு வெடிப்பு கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் ஆழம் போகும் காசை ஒரு தொட்டிக்குப் போடுங்கள் என்பேன். 600 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 550 லிட்டர் விழுகிறது. அக்கா வீட்டுச் சின்டெக்ஸுக்குக் கொஞ்சம் மேலே. முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், காக்கா எச்சமெல்லாம் அதில்தான் வரும்.